முகம் ஆடம்பரப் பொருளா?

(மேல்பட்டாம்பாக்கம் கடைவீதிப் பொதுக்கூட்டத்தில் திருநங்கை ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

நெய்வேலி ஷிப்ட் முடிந்து பஸ்ஸிலிருந்து இறங்கி, வீட்டுக்குக்கூடப் போகாமல் இங்கே வந்து நிற்கும் ஒப்பந்தத் தொழிலாளத் தோழர்களே, வாசற்படியில் நின்றபடி கேட்டுக்கொண்டிருக்கும் அக்காமார்களே, என் திருநங்கைச் சகோதரிகளே!

ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லத்தான் மைக்கைப் பிடித்திருக்கிறேன். "அதான் கவர்மென்ட்டே ஆபரேஷன் பண்ணிவிடுதே, அப்புறம் மூஞ்சிக்கு வேற என்னம்மா? சினிமாவுலயா நடிக்கப் போற?" டீக்கடையில் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறேன். மனு கொடுக்கப்போன மேசைக்கு முன்னால் கேட்டிருக்கிறேன். எங்கள் மேல் உண்மையாகவே அன்பு வைத்திருப்பவர்கள் வாயிலும் கேட்டிருக்கிறேன்.

முதலில் நன்றி சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லிவிடுகிறேன். 2008 ஏப்ரல் 15-ஆம் நாள் திருநங்கைகளுக்கு நலவாரியம் அமைத்த மாநிலம் தமிழ்நாடு. இந்தியாவில் அதற்கு முன் யாரும் அதைச் செய்ததில்லை. அரசு மருத்துவமனையில் இலவசமாகப் பால்மாற்று அறுவைச் சிகிச்சை கிடைக்கும் என்ற நிலையை உண்டாக்கியதும் இந்த மாநிலம்தான். அதற்கு முன்னால் எங்களுக்கு என்ன இருந்தது? எங்களில் மூத்த தாயம்மா கத்தியால் ஆணுறுப்பை அறுத்தெடுக்கும் 'நிர்வாணம்'. மயக்க மருந்து கிடையாது, தையல் கிடையாது. பிழைத்து எழுந்தவள் பாக்கியசாலி. அந்தக் கத்தியிலிருந்து எங்களைக் காப்பாற்றியது அரசு மருத்துவமனை. அதை மறந்து பேசினால் நான் நன்றி கெட்டவள்.

ஆனால் தோழர்களே, அந்த ஆபரேஷனைத் தெருவில் யார் பார்க்கிறார்கள்? பண்ருட்டி பஸ் கண்டக்டர் பார்க்கிறாரா? வாடகைக்கு வீடு கேட்டுப் போனால் கதவைத் திறக்கும் வீட்டுக்காரம்மா பார்க்கிறாரா? வேலைக்கு நேர்காணல் எடுக்கும் மேனேஜர் பார்க்கிறாரா? அவர்கள் எல்லோரும் பார்ப்பது முகம். புருவத்தின் மேடு, தாடையின் கோணம், தொண்டையில் துருத்தும் முடிச்சு, சாயங்காலமானால் பவுடரையும் மீறிப் பச்சையாகத் தெரியும் தாடி. வீடு இல்லை என்று சொல்ல வைப்பதும் முகம். விசிலடிக்க வைப்பதும் முகம். ராத்திரியில் கல் வந்து விழுவதும் முகத்தைப் பார்த்துத்தான். யாருக்கும் தெரியாத இடத்துக்குச் சிகிச்சை உரிமை, எல்லோருக்கும் தெரியும் இடத்துக்குச் சிகிச்சை ஆடம்பரமா? இந்தக் கணக்கைப் போட்டவர் யார்? (கைதட்டல்)

"ஹார்மோன் மாத்திரை போட்டால் எல்லாம் சரியாகிவிடும்" என்று நினைப்பவர்களுக்குச் சொல்கிறேன். ஈஸ்ட்ரோஜன் தோலை மென்மையாக்கும், கன்னத்தில் கொழுப்பை இடம் மாற்றும், உடம்பு ரோமத்தைக் குறைக்கும். ஆனால் பருவ வயதில் டெஸ்டோஸ்டிரோன் வளர்த்துவிட்ட எலும்பை எந்த மாத்திரையும் கரைக்காது. வேர் பிடித்த தாடியைப் போக்காது. உடைந்த குரலைத் திருப்பித் தராது. அதனால்தான் எங்கள் திருநங்கைக் குடும்பமான ஜமாத்தில் ஒவ்வொரு பையிலும் மயிர் பிடுங்கும் சிமிட்டா ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு மயிராகப் பிடுங்கிப் பிடுங்கி, கன்னம் புண்ணாகி, கறுத்து, அந்தக் கறுப்பை மறைக்க மேலும் பவுடர் பூசிக்கொண்டு கடை கடையாகக் காசு கேட்கப் போகிறவர்கள் நாங்கள். நானும் சிமிட்டா பிடித்த கைதான்.

இதற்கெல்லாம் மருத்துவத்தில் வழி இருக்கிறதா? இருக்கிறது. தாடிக்கு லேசர். ஆனால் லேசர் ஒளி கருநிறத்தைத் தேடிப் போகிற ஒளி. வெள்ளைத் தோலுக்கென்று செய்த மெஷினை நம் தோலில் வைத்தால், மயிரோடு தோலும் வெந்துபோகும். நமக்கு ஏற்றது 1,064 நானோமீட்டர் அலைநீளமுள்ள என்டி யாக் லேசர். அதுவும் ஒரே நாளில் முடியாது, வாரக்கணக்கில் இடைவெளி விட்டுப் பல முறை போக வேண்டும். நரைத்த மயிருக்கு லேசர் பயன்படாது. ஊசி வழியாக மின்சாரம் செலுத்தி வேரைக் கருக்கும் எலக்ட்ராலிசிஸ்தான் அதற்கு வழி.

எலும்புக்கு அறுவைச் சிகிச்சை. புருவ மேட்டைச் சிலருக்குத் தேய்த்தாலே போதும். சிலருக்கு அதன் பின்னால் இருக்கும் காற்றறையின் முன்சுவரையே பிரித்தெடுத்து, சரிசெய்து, பின்தள்ளிப் பொருத்தி டைட்டானியத் தகட்டால் இறுக்க வேண்டும். தாடையின் கோணத்தைக் குறைக்கலாம். மோவாய் எலும்பை வெட்டி நகர்த்திக் குறுக்கலாம். மூக்கைத் திருத்தலாம், முன்நெற்றி முடிக்கோட்டைக் கீழே இறக்கலாம். தொண்டை முடிச்சைச் செதுக்கலாம். ஆனால் குரல்நாண் ஒட்டியிருக்கும் இடத்தில் கை தவறினால் குரல் போய்விடும். தாடையில் நரம்பு அடிபட்டால் கீழுதடு மரத்துப்போகும். ஆபத்தே இல்லை என்று உங்களிடம் யாராவது சொன்னால், அவர் டாக்டர் அல்ல, வியாபாரி.

இந்தக் கலை அழகு நிலையத்தில் பிறந்தது என்று நினைக்காதீர்கள். 1982-இல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் டக்ளஸ் ஔஸ்டர்ஹவுட் என்ற மருத்துவரிடம் ஒரு திருநங்கையின் முகத்துக்குச் சிகிச்சை கேட்டு வந்தார்கள். அவர் உடனே கத்தியை எடுக்கவில்லை. அந்த ஊர்ப் பல் மருத்துவக் கல்லூரியில் சேர்த்து வைத்திருந்த மண்டையோடுகளை எடுத்து, ஆணுக்கும் பெண்ணுக்கும் எலும்பு எங்கே வேறுபடுகிறது என்று அளந்து பார்த்தார். அவர் கையில் இருந்த வித்தை, பிறவியிலேயே முக எலும்பு கோணிய குழந்தைகளைச் சீர்செய்யும் வித்தை. விபத்தில் முகம் நொறுங்கியவரைத் தேற்றும் வித்தையும் அதுதான்.

"அமெரிக்காவை விடும்மா, நம்ம ஊர்க் கதையைச் சொல்லு" என்பீர்கள். சொல்கிறேன். நம்ம வேலூர்க் கதை. 1940-களின் கடைசியில் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் பால் பிராண்ட் என்ற மருத்துவர் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை நிமிர்த்தத் தொடங்கினார். விரல் நிமிர்ந்தது. நோயும் மருந்தில் குணமானது. ஆனாலும் ஊருக்குத் திரும்பிப் போனவர்களுக்கு வேலை கிடைக்கவில்லை. காரணம் என்ன? மூக்கு அமுங்கியிருந்தது, புருவம் உதிர்ந்திருந்தது. நோய் போன பிறகும் முகம் நோயைச் சொல்லிக்கொண்டே இருந்தது. அதைப் பார்த்த வேலூர் மருத்துவர்கள் என்ன சொன்னார்கள்? "உனக்கு எதுக்குப்பா மூக்கு, சினிமாவுலயா நடிக்கப் போற?" என்றா கேட்டார்கள்? அமுங்கிய மூக்கைத் தூக்கி நிறுத்தினார்கள். தலைமுடியோடு ஒரு துண்டுத் தோலை எடுத்துப் புருவம் வைத்தார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் மறுவாழ்வு.

உடல் நலத்துக்குக் கேடில்லாத ஒரு புருவத்தை, தெருவில் மனிதனாக நடப்பதற்காக மட்டுமே திருத்துவது மருத்துவத்தின் கடமை என்று இந்தத் தமிழ்நாட்டில் முடிவாகி இரண்டு தலைமுறை ஆகிவிட்டது. நாங்கள் கேட்பது புதிய சலுகை அல்ல. ஏற்கெனவே தீர்ப்பான வழக்கில் எங்கள் பெயரையும் சேர்க்கச் சொல்கிறோம்.

இன்னொன்று சொல்கிறேன். அமுங்கிய மூக்கை உள்ளிருந்து தூக்கி நிறுத்தும் முறைக்கு வழிகாட்டியவர் ஹெரால்ட் கில்லீஸ். நியூசிலாந்தில் பிறந்து பிரிட்டனில் பணியாற்றிய மருத்துவர். முதல் உலகப் போரில் முகம் சிதைந்த சிப்பாய்களுக்கு முகம் கொடுத்தவர். அதே கில்லீஸ்தான் 1951-இல் பிரிட்டனில் ராபர்ட்டா கோவெல் என்ற திருநங்கைக்குப் பால்மாற்று அறுவைச் சிகிச்சையும் செய்தார். சிப்பாய், தொழுநோயாளி, திருநங்கை. மூவருக்கும் ஒரே வித்தை. முதல் இருவருக்குச் செய்தால் தொண்டு, மூன்றாமவளுக்குச் செய்தால் மட்டும் ஒப்பனையா?

"இயற்கை கொடுத்த முகத்தை மாற்றலாமா?" என்று ஒரு கூட்டம் கேட்கிறது. ஐயா, தாய்மாமன் மடியில் உட்கார வைத்துப் பச்சைக் குழந்தையின் காதைக் குத்துகிற ஊர் இது. தென்மாவட்டத்தில் பாம்படம் போட்டுத் தோள் வரை வடித்த காதை, பிறகு நாகரிகம் மாறியதும் டாக்டரிடம் போய் வெட்டித் தைத்துக்கொண்ட பாட்டிகள் எத்தனை பேர்! அப்போது இயற்கை எங்கே போயிருந்தது? நம் பக்கத்துத் திரௌபதி அம்மன் திருவிழாவில் விடிய விடியப் பெண் வேடம் கட்டி ஆடும் கூத்துக்காரரைக் கையெடுத்துக் கும்பிடுகிறீர்கள். விடிந்த பிறகும் பெண்ணாகவே இருப்பவளைக் கண்டால் மட்டும் உங்களுக்கு இயற்கை ஞாபகம் வருகிறது.

அடுத்த எதிர்ப்பு எங்கள் நண்பர்களிடமிருந்தே வருகிறது. படித்தவர்கள், முற்போக்கானவர்கள். "உன் முகத்தை நீயே நேசி, சமூகத்துக்காக ஏன் மாற்றிக்கொள்கிறாய், மாற வேண்டியது சமூகம்தான்" என்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தோழரே, நீங்கள் பஸ்ஸில் ஏறினால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. உங்கள் முகத்துக்கு யாரும் விளக்கம் கேட்பதில்லை. சமூகம் மாறும் வரை நான் அடி வாங்கிக்கொண்டு நிற்க வேண்டுமா? உங்கள் புரட்சியை உங்கள் தெருவில் நடத்துங்கள், என் தாடை எலும்பில் நடத்தாதீர்கள்! (பலத்த கைதட்டல்)

அதே மூச்சில் இதையும் சொல்கிறேன், என் சகோதரிகள் நன்றாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். முகத்தை மாற்றிக்கொள்ள விரும்பாத திருநங்கையும் முழுத் திருநங்கைதான். 2014 ஏப்ரல் 15-இல், தேசியச் சட்டப் பணிகள் ஆணையம் தொடுத்த நால்சா வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ராதாகிருஷ்ணனும் சிக்ரியும் தீர்ப்பளித்தார்கள். பாலினத்தை அறிவிப்பதற்கு அறுவைச் சிகிச்சையைக் கட்டாயமாக்குவது சட்டவிரோதம் என்றார்கள். வேண்டும் என்பவளுக்கு மருத்துவம், வேண்டாம் என்பவளுக்கு மரியாதை. இதில் ஒன்றைக் காட்டி மற்றொன்றைப் பறிக்க யாரையும் விடக்கூடாது.

இன்னொரு எதிரி இருக்கிறான். அவன் நம்மைத் திட்ட மாட்டான், "வாங்க மேடம்" என்பான். கடை கேட்டுச் சேர்த்த பணத்துக்குக் கண்ணாடிக் கதவைத் திறந்து வைப்பான். வெளுக்கிற கிரீம் என்று ஸ்டீராய்டு கலந்த களிம்பைக் கொடுப்பான். பூசிய வாரம் பளபளக்கும், சில மாதத்தில் தோல் மெலிந்து, சிவந்து, பரு வெடிக்கும். டாக்டர் சீட்டில்லாமல் ஸ்டீராய்டு கிரீம் விற்கக்கூடாது என்று 2018-இலேயே மத்திய அரசு பட்டியல் போட்டுத் தடுத்தும், கடையில் கேட்டால் கிடைக்கிறது. கன்னத்தில் ஃபில்லர் போடுகிறேன் என்று படிப்பில்லாதவன் ஊசியைப் பிடிக்கிறான். அந்த மருந்து தவறி ரத்தக்குழாய்க்குள் போனால் கண் பார்வையே போகும். திரவ சிலிக்கானை ஏற்றினால் அது நுரையீரல் வரை போய் உயிரையே எடுக்கும். அரசு கதவை மூடி வைத்திருப்பதால்தான் இவன் கதவு திறந்திருக்கிறது.

இவன் விற்கும் முகத்தையும் பாருங்கள். வெள்ளைத் தோல், கூர்மூக்கு, விளம்பரப் பலகை முகம். நம் அம்மாவுக்கு மூக்கு அகலம். நம் அக்காவுக்கு நிறம் கறுப்பு. அவர்கள் பெண்கள் இல்லையா? எங்களுக்கு எங்கள் அம்மா முகம் வேண்டும், கடைக்காரன் முகம் வேண்டாம்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? 2019-இல் நாடாளுமன்றம் திருநர் உரிமைச் சட்டத்தை இயற்றியது. அதன் 15-ஆம் பிரிவு, பால்மாற்று அறுவை, ஹார்மோன் சிகிச்சை, லேசர் சிகிச்சை ஆகியவற்றுக்குக் காப்பீடு ஏற்படுத்தும் பொறுப்பை அரசின் தலையில் வைத்தது. லேசர் என்ற சொல்லே அதில் இருக்கிறது! அறுவைச் சிகிச்சைக்கான கையேட்டை வெளியிடும்போது டபிள்யூ.பி.ஏ.டி.ஹெச். எனப்படும் உலகத் திருநர் நல மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டுதலைப் பின்பற்ற வேண்டும் என்றும் அதே பிரிவு எழுதியது. அந்தச் சங்கம் 2022-இல் வெளியிட்ட எட்டாம் பதிப்பு, முகத்தைப் பெண்மைப்படுத்தும் அறுவையையும் மருத்துவத் தேவை என்றே சேர்த்திருக்கிறது. அதே 2022 ஆகஸ்டில் மத்திய அரசு, திருநருக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை ஆயுஷ்மான் பாரத் காப்பீடு என்று ஒப்பந்தம் போட்டது. காகிதத்தில் எல்லாம் இருக்கிறது. நம் கன்னத்தில்தான் ஒன்றும் இல்லை.

"அரசிடம் வசதி இல்லை" என்பார்கள். முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சிதம்பரம் அண்ணாமலை நகரில் அரசு மருத்துவக் கல்லூரியும் பல் மருத்துவக் கல்லூரியும் இருக்கின்றன. பைக்கிலிருந்து விழுந்து தாடை உடைந்தவனுக்குத் தகடு வைத்துத் திருகு போடுவது தாடை அறுவை மருத்துவர்களின் அன்றாட வேலை. அந்தக் கைகளுக்குப் பயிற்சி கொடுத்தால் போதும். நெய்வேலியைப் பாருங்கள்! 1956-இல் நிறுவனம் தொடங்கி, ஜெர்மனியிலிருந்து ராட்சதச் சக்கர இயந்திரங்களை இறக்கி, ஊர் ஊராக ஜனங்களை எழுப்பி அனுப்பிவிட்டு, மண்ணை மலை மலையாகப் புரட்டிப் போட்டது இதே அரசுதான். பூமியைப் பிளக்கத் தெரிந்த அரசுக்குச் சில மில்லிமீட்டர் எலும்பைத் தேய்க்க இயந்திரம் இல்லை என்றால், இல்லாதது இயந்திரம் அல்ல, மனசு.

சித்திரை மாதம் கூவாகம் கூத்தாண்டவர் திருவிழாவுக்கு வருகிற கேமராக்கள் எங்கள் முகத்தைப் படமாக எடுத்து அழகு என்று அச்சடிக்கின்றன. அங்கே அரவானுக்காகக் கட்டிய தாலியை அறுத்த மறுநாள் அதே முகத்துக்கு வாடகைக்கு ஓர் அறை கிடையாது. வருஷத்தில் சில நாள் அழகு எங்களுக்கு வேண்டாம். மிச்ச நாளெல்லாம் நிம்மதியாகத் தெருவில் நடக்க வேண்டும்.

எங்கள் கோரிக்கை நான்கு. ஒன்று, முண்டியம்பாக்கத்திலும் சிதம்பரத்திலும் தோல் பிரிவில் நம் நிறத்துக்கு ஏற்ற லேசர், கட்டணமில்லாமல். இரண்டு, பிளாஸ்டிக் சர்ஜன், தாடை அறுவை மருத்துவர், காது மூக்கு தொண்டை மருத்துவர், ஹார்மோன் மருத்துவர், மனநல மருத்துவர், குரல் பயிற்சியாளர் எல்லோரும் ஒன்றாக உட்காரும் குழு, இந்த வட்டாரத்தில் ஓர் அரசு மருத்துவமனையிலாவது. மூன்று, காப்பீட்டுப் பட்டியலில் முக அறுவையின் பெயர் தனித்தனியாக அச்சாக வேண்டும். பட்டியலில் இல்லாததைக் கவுன்டரில் கேட்டால் கையை விரிப்பார்கள். நான்கு, படிப்பில்லாமல் ஊசி போடுகிறவன் மேலும் சீட்டில்லாமல் ஸ்டீராய்டு விற்கிறவன் மேலும் வழக்கு.

வருகிற திங்கட்கிழமை கடலூர் ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர் கூட்டம். இந்த நான்கு கோரிக்கைகளையும் மனுவாக எடுத்துக்கொண்டு நாங்கள் போகிறோம். எங்கள் கையெழுத்து மட்டும் இருந்தால் "இதுங்களுக்கு வேற வேலை இல்லை" என்று ஓரமாக வைத்துவிடுவார்கள். வாசற்படியில் நிற்கும் அக்காமார்களே, இறங்கி வாருங்கள். மேடைக்குக் கீழே மேசை போட்டிருக்கிறது, பேனா இருக்கிறது. உங்கள் பெயரையும் தெருவையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போங்கள். நாளைக்கு அதிகாரி இது யாருடைய கோரிக்கை என்று கேட்டால், மேல்பட்டாம்பாக்கத்தின் கோரிக்கை என்று நாங்கள் சொல்ல வேண்டும்.