டெலிவிஷன் காட்டும் சரித்திரம்

(தாம்பரத்தில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியது)



டெலிவிஷனில் வருகிற சரித்திரப் படங்களைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லும்படி கேட்டிருக்கிறீர்கள். நான் பெரிய படிப்பாளியல்ல. பள்ளிக்கூடத்தில் படித்தது கொஞ்சம். பழைய புத்தகக் கடையில் வாங்கிப் படித்ததுதான் மிச்சம். ஆகவே நான் சொல்கிறேன் என்பதற்காக எதையும் ஒப்புக்கொண்டுவிட வேண்டாம். யோசித்துப் பார்த்துச் சரியென்று பட்டதை மாத்திரம் எடுத்துக்கொண்டு, மற்றதை இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள்.

1987-ம் வருஷம் ஜனவரியில் தூர்தர்ஷனில் ராமாயணம் ஆரம்பித்தபோது நான் சிறு பையன். எங்கள் தெருவுக்கே ஒரு பெட்டிதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருவெல்லாம் அந்த வீட்டில் கூடும். அதில் பேசுவதோ இந்தி. கூடியிருந்தவர்களில் ஒருவருக்கும் ஒரு வார்த்தை புரியாது. ஆனாலும் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, பெட்டிக்கு மாலை போட்டு, கற்பூரம் காட்டி, வேஷம் போட்ட நடிகர் வந்தவுடன் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். மறு வருஷம், 1988-ல், நேரு எழுதிய புத்தகத்தை வைத்து ஷியாம் பெனகல் எடுத்த 'பாரத் ஏக் கோஜ்' என்ற சரித்திரத் தொடர் 53 பாகமாக வந்தது. அதுவும் அதே பெட்டி, அதே இந்திதான். அதைப் பார்க்க எங்கள் தெருவில் நாலு பேர்கூடக் கூடவில்லை. புராணத்துக்குக் கூட்டம், சரித்திரத்துக்குக் காலி நாற்காலி!

இப்போது கற்பூரம் போய்விட்டது. ஆனால் கற்பூரம் காட்டின புத்தி போய்விட்டதா என்பதுதான் கேள்வி. "டி.வி.யிலேயே காட்டிவிட்டான், அப்புறம் என்ன?" என்று சொல்லாதவர் நம்மில் எத்தனை பேர்?

2017 டிசம்பரில் நடந்ததைக் கேளுங்கள். அமெரிக்காவின் சயன்ஸ் சானல் ஒரு படத்துக்கு விளம்பரத் துண்டு வெளியிட்டது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே உள்ள மணல் திட்டுகளின்மேல் கிடக்கும் கற்கள் 7,000 வருஷத்தியவை, கீழேயுள்ள மணலோ 4,000 வருஷத்தியதுதான், ஆகவே யாரோ கல்லைக் கொண்டுவந்து போட்டிருக்க வேண்டும் என்றார்கள். உடனே இங்கே "ராமர் பாலம் ருஜுவாகிவிட்டது" என்று ஒரே ஆரவாரம். படம் முழுவதும் வருகிறவரைக்கும் காத்திருக்கக்கூடப் பொறுமையில்லை.

தோழர்களே, பழைய கல் புது மணலின்மேல் கிடப்பதற்கு மனிதன்தான் வேண்டுமா? அலையும் புயலும் மணலை அள்ளிக்கொண்டு போவதும், வேறு மணலைக் கொண்டுவந்து கொட்டுவதும் கடற்கரையில் வருஷா வருஷம் நடக்கிற காரியமல்லவா? அது போகட்டும். புராணக் கணக்குப்படி துவாபர யுகம் மாத்திரமே 8,64,000 வருஷம். ராமன் அதற்கும் முந்திய யுகத்தவன். கல்லின் வயதோ 7,000. கல்லை நம்பினால் யுகம் போயிற்று. யுகத்தை நம்பினால் கல் போயிற்று! இரண்டையும் ஒரே வாயில் போட்டு மெல்லுகிறவர்களுக்கு என்ன பெயர் வைப்பது?

மற்றவரைச் சொல்லிச் சிரிப்பது சுலபம். என் கதையையும் சொல்லிவிடுகிறேன். சில வருஷங்களுக்கு முன் இதே தாம்பரத்தில் ஒரு கூட்டத்தில், "தஞ்சைப் பெரிய கோவில் விமானத்தின் நிழல் தரையில் விழாது, தமிழனின் கட்டட ஞானத்தைப் பாருங்கள்" என்று கையை ஆட்டிப் பேசினேன். ஒரு டெலிவிஷன் படத்தில் கம்பீரமான குரலில் சொன்னதைக் கேட்டதுதான் எனக்கு ஆதாரம். கூட்டம் முடிந்ததும் ஒரு பையன் வந்து, "ஐயா, நீங்கள் போய்ப் பார்த்தீர்களா?" என்று கேட்டான். எனக்கு வாய் அடைத்துவிட்டது. பிறகு தஞ்சாவூருக்குப் போய்ச் சாயங்காலம் வரையில் நின்று பார்த்தேன். சுமார் 216 அடி விமானத்தின் நிழல் தரையில் நீளமாகப் படுத்துக்கிடந்தது. பகுத்தறிவு பேசுகிற நானே இந்த லட்சணமென்றால், மற்றவர்களை என்ன சொல்வது?

அந்தக் கோவில் சுவரிலேயே கல்வெட்டுகள் இருக்கின்றன. பல ஊர்க் கோவில்களிலிருந்து 400 தளிச்சேரிப் பெண்களைக் கொண்டுவந்து குடிவைத்ததை ராஜராஜனே வெட்டி வைத்திருக்கிறான். பறைச்சேரி, தீண்டாச்சேரி என்ற பெயர்களும் அவன் கல்வெட்டுகளில் உண்டு. ராஜாவின் கிரீடத்தையும் யானையையும் அரை மணி நேரம் காட்டுகிற படங்களில், அந்த 400 பெண்களுக்கு அரை நிமிஷமாவது கொடுத்த படம் எத்தனை? கல்லை இழுத்தவனும் சேரியில் இருந்தவனும் நம்முடைய பாட்டன்மார்கள். அவர்கள் இல்லாத சரித்திரம் யாருடைய சரித்திரம்?

அப்படியானால் சரித்திரப் படமே வேண்டாமென்கிறேனா? இல்லை. நன்றாக எடுத்தால் அதைப்போன்ற வாத்தியார் கிடையாது. எழுத்தறியாத தாய்மார்களுக்கும் அது பாடம் சொல்லும். நல்ல படத்துக்கு அடையாளம் என்னவென்றால், "இது இப்படி" என்று சொல்வதோடு நிற்காமல், "இது எப்படித் தெரிந்தது" என்றும் காட்டுவதே.

அதற்குத் தகுந்த கதை நம் வாசலிலேயே கிடக்கிறது. பக்கத்துப் பல்லாவரத்தில், 1863 மே 30-ந் தேதி, ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற மண்ணியல் நிபுணர் சரளைக்கல் குழியொன்றில் மனிதன் கையால் செதுக்கிய ஒரு கல்லைக் கண்டெடுத்தார். ஆதிமனிதன் இந்த நாட்டில் வாழ்ந்ததை உலகத்துக்குச் சொன்ன கல் அது. அந்த வருஷமே திருவள்ளூர்ப் பக்கம் அத்திரம்பாக்கத்திலும் அப்படிப்பட்ட கற்கள் அகப்பட்டன. அங்கே பிற்காலத்தில் சாந்தி பப்பு என்ற அம்மையாரும் மற்றவர்களும் தோண்டியெடுத்த கருவிகள் சுமார் 15 லட்சம் வருஷத்தியவை என்று 2011-ல் வெளியாயிற்று. எப்படிக் கண்டார்கள்? வெளியே கிடக்கும் கல்லில் ஆகாயத்துக் கதிர்கள் பட்டுச் சிலவகை அணுக்கள் உண்டாகும். கல் மண்ணில் புதைந்தபின் அவை ஒரு கணக்குப்படி குறையும். மிச்சத்தை அளந்தால் புதைந்த காலம் தெரியும். இதில் ஞானதிருஷ்டியும் இல்லை, அசரீரியும் இல்லை. சந்தேகமிருந்தால் மறுபடியும் அளக்கலாம்.

இந்த அளவுகோலை நமக்கும் வைக்க வேண்டும். கடலில் மூழ்கிய குமரிக்கண்டம் என்று பெரிய தேசப்படம் போட்டுக் காட்டுகிற படங்களைக் கண்டு நம்மவர்கள் பூரித்துப்போகிறார்கள். லெமூரியா என்பது ஸ்கிளேட்டர் என்பவர் 1864-ல் விலங்குகளை வைத்துச் செய்த ஊகம். நிலத்தட்டுகள் நகர்வதைக் கண்டுபிடித்த பிறகு விஞ்ஞானிகள் அதைக் கைவிட்டுவிட்டார்கள். ராமர் பாலத்துக்கு அத்தாட்சி கேட்டுவிட்டுக் குமரிக்கண்டத்துக்குக் கேட்காமலிருந்தால், நாம் மூடநம்பிக்கையை ஒழித்தவர்களல்ல, முதலாளியை மாற்றிக்கொண்டவர்கள்தான். கீழடியில் மண்ணைத் தோண்டிக் கண்ட உண்மை இருக்கும்போது, நமக்குப் பொய்ப் பெருமை எதற்கு?

ஆகவே, இன்றிரவு வீட்டில் சரித்திரப் படம் ஓடினால் தாராளமாகப் பாருங்கள். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் உங்கள் பெண்ணோ பிள்ளையோ, "இது இவர்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டால், "சும்மா பார்" என்று அதட்டாதீர்கள். என்னைத் திருத்தியது அப்படியொரு பையனின் கேள்விதான்.