ஆகஸ்ட் மாதத்து ஊரும் ஜனவரி மாதத்து ஊரும்

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரை)



நவம்பர் மாதம் பிறந்தாலே நம் பெரியவர்களுக்கு இரண்டு வேலைகள் வந்துவிடுகின்றன. ஓய்வூதியம் பெறுகிறவர்களில் பலர் வாழ்நாள் சான்று கொடுக்க வங்கியில் வரிசை நிற்கிறார்கள். முப்பது ஆண்டு குழாயையும் வால்வையும் பிடித்துத் தேய்ந்த விரலை அந்தச் சின்ன இயந்திரம் எளிதில் ஏற்றுக்கொள்வதில்லை. வேட்டியில் துடைத்துத் துடைத்து மூன்றாம் முறை வைக்கும்போதுதான், இவர் உயிரோடு இருக்கிறார் என்று அது ஒத்துக்கொள்கிறது. இன்னொரு வேலை, 2ஆம் தேதி கல்லறைத் திருநாள். செவந்திப் பூவும் மெழுகுவர்த்தியும் வாங்கிக்கொண்டு காசிமேட்டுக்கோ கீழ்ப்பாக்கத்துக்கோ போக வேண்டும்.

இந்த இரண்டையும் இந்த ஆண்டு ஒன்றாகப் பேசக் காரணம், எங்கள் பங்கைச் சேர்ந்த ஒரு தம்பதியர். அவர் மணலியில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அம்மா எங்கள் அன்பியத்தில் பல காலமாகச் செபமாலை நடத்துகிறவர். ஒரே மகன் ஸ்பெயின் நாட்டில், மத்ரித் நகரில் வேலை செய்கிறார். சென்ற மாதம் திருப்பலி முடிந்ததும் இருவரும் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு எங்களிடம் வந்தார்கள். மகன் அனுப்பிய படங்கள் அதில் இருந்தன. மத்ரித்துக்கு வடக்கே சோரியா மாவட்டத்தில் ஒரு கிராமம். கல் வீடு, வாசலில் அத்தி மரம், கோயில் மணிக்கூண்டு, தெருவில் நீளமாக மேசை போட்டு ஊரே உட்கார்ந்து சாப்பிடும் காட்சி. "அப்பா, வீடு மலிவா கிடைக்குது. மனுசங்க அவ்வளவு அன்பா இருக்காங்க. அம்மாவுக்கு இழைப்பும் நின்னுடும். வந்துடுங்க" என்று மகன் சொல்கிறாராம்.

"போகலாமா ஃபாதர்?" என்று அவர் கேட்டார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை.

உடனே போங்கள் என்று சொல்லிவிடத்தான் எங்களுக்கும் தோன்றியது. 2009இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாட்டிலேயே மிக மோசமாக மாசுபட்ட தொழிற்பகுதிகளின் பட்டியலைப் போட்டபோது அதில் மணலியும் இருந்தது. விடியற்காலையில் சன்னலைத் திறந்து மூக்கைச் சுளிப்பவர்களுக்குப் பட்டியல் தேவையில்லை. நல்ல காற்றை மூச்சிழுக்க ஆசைப்படுவது பாவமல்ல. ஆனாலும், படத்தை இன்னொரு முறை காட்டச் சொன்னோம். அது ஆகஸ்ட் மாதத்தில் எடுத்தது.

நேயர்களே, இந்தச் செய்தியை நம் மக்கள் சட்டென்று புரிந்துகொள்வார்கள். ஆகஸ்ட் 15, மரியாவின் விண்ணேற்பு விழா. ஸ்பெயினில் பல கிராமங்களுக்கு அந்த நாட்களில்தான் ஊர்த் திருவிழா. நகரங்களில் பிழைக்கப் போன பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அப்போது திரும்பி வருகிறார்கள். பூட்டிய வீடுகள் திறக்கின்றன, மேசைகள் தெருவுக்கு வருகின்றன. செப்டம்பரில் மறுபடியும் பூட்டு. நம் தெற்கத்திக் கிராமங்களில் கொடியேற்றத்திலிருந்து தேர்வரை பத்து நாள் இருக்கும் கூட்டத்தையும், கொடியிறக்கிய மறுநாள் பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் கூட்டத்தையும் பார்த்தவர்கள் நாம்.

சோரியா மாவட்டம் பத்தாயிரம் சதுர கிலோமீட்டருக்கும் பெரியது. நம் சென்னை மாநகராட்சியின் பரப்பு 426 சதுர கிலோமீட்டர்தான். ஆனால் அந்த மாவட்டம் முழுவதும் சேர்த்தே ஒரு லட்சம் பேர் இல்லை. 1950களிலும் 60களிலும் மத்ரித், பார்சலோனா, பில்பாவோ நகரங்களின் ஆலைகளுக்கும், எல்லை தாண்டி ஜெர்மனிக்கும் இளைஞர்கள் போனார்கள். ஊரில் பெரியவர்கள் மட்டும் மிஞ்சினார்கள். பிள்ளைகள் இல்லாததால் பள்ளி மூடியது. மருத்துவர் வாரத்தில் சில நாள் மட்டும் வருகிற ஊர்களும், ரொட்டி விற்கிற வண்டிக்குக் காத்திருக்கிற ஊர்களும் அங்கே உண்டு. 2019 மார்ச் 31 அன்று இந்த ஊர்களின் மக்கள் மத்ரித்தில் திரண்டு, எங்களை மறந்துவிடாதீர்கள் என்று ஊர்வலம் போனார்கள்.

ஏறக்குறைய அதே காலத்தில்தான் நம் மணலியும் ஆலை ஊரானது. 1969இல் இங்கே எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை ஓடத் தொடங்கியது. பின்னால் உர ஆலையும் மற்றவையும் வந்தன. நெல்லையிலிருந்தும் இராமநாதபுரத்திலிருந்தும் சிவகங்கையிலிருந்தும் வந்தவர்கள், ஓய்வு பெற்றதும் ஊருக்கே போய்விடுவோம் என்று சொல்லிக்கொண்டே இங்கு வீடு கட்டினார்கள். எத்தனை பேர் போனார்கள்? சோரியாவில் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்காரர்களும் நாமும் ஒரே கதையின் ஆட்கள்தான்.

அப்படியானால் அந்த ஊர்க்காரர்களின் அன்பு பொய்யா? இல்லை. ஆளில்லாத ஊரில் ஒரு மனிதர் வந்து நின்றால் முகம் மலரத்தானே செய்யும். அவர்களுக்கும் ஒரு தேவை இருக்கிறது என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. தெருவேல் மாவட்டத்தில் அகுவாவிவா என்ற கிராமம் 2000ஆம் ஆண்டு வெளிநாட்டுக் குடும்பங்களை வாருங்கள் என்று அழைத்தது. அர்ஜென்டினாவிலிருந்தும் ருமேனியாவிலிருந்தும் குடும்பங்கள் வந்தன. பிள்ளைகள் உள்ள குடும்பங்களாகப் பார்த்து அழைத்தார்கள், பள்ளி மூடாமல் இருக்க வேண்டுமே! எழுபதை நெருங்கும் நாம் அங்கே போனால் எதைக் கொண்டுபோகிறோம் என்று கேட்டுக்கொள்ள வேண்டாமா?

பணத்தைக் கேட்டால் கணக்கு இன்னும் கடினம். வேலை செய்யாமல் வசிக்க வரும் வெளிநாட்டவருக்கு ஸ்பெயின் தரும் விசாவுக்கு மாதம் 2,400 யூரோ வருமானம் காட்ட வேண்டும். துணைவிக்கு இன்னொரு 600. நம் பணத்தில் இரண்டரை லட்சத்தைத் தாண்டுகிறது. தொழிலாளர் சேமநல நிதியின் ஓய்வூதியத்தில் 2014 முதல் குறைந்தபட்சத் தொகை ஆயிரம் ரூபாய். மணலியில் ஒப்பந்த வேலை பார்த்த பலர் அந்த ஆயிரத்தை ஒட்டித்தான் வாங்குகிறார்கள். நம் தம்பதியர் மகனின் பொறுப்பில்தான் போக முடியும்; அதற்கு நாளாகும். சுற்றுலா விசா என்றால் 180 நாளில் 90 நாள்.

சரி, மறைநூல் என்ன சொல்கிறது? இதில் ஒரே பதில் இல்லை என்பதுதான் எங்களுக்கு ஆறுதல். யாக்கோபு 130 வயதில் எகிப்துக்குப் புறப்பட்டார். மகன் யோசேப்பு அங்கே பெரிய அதிகாரி, வண்டியே அனுப்பினார். இன்று விமானச் சீட்டு அனுப்புகிற பிள்ளைகளைப்போல! கிழவர் 17 ஆண்டுகள் கோசேனில் நன்றாகவே வாழ்ந்தார். குடும்பமும் சும்மா போகவில்லை. நாங்கள் ஆடு மேய்ப்பவர்கள் என்று மன்னனிடம் தொழிலைச் சொல்லித்தான் இடம் கேட்டார்கள்.

பர்சில்லாய் வேறு மாதிரி. தாவீது மகனுக்குப் பயந்து ஓடி வந்தபோது, படுக்கையும் தானியமும் தேனும் கொடுத்து ஆதரித்த பெரியவர் அவர். போர் முடிந்ததும் தாவீது, எருசலேமுக்கு வாரும், உம்மை நான் பராமரிக்கிறேன் என்றார். பர்சில்லாய்க்கு அப்போது 80 வயது. சாப்பாட்டின் ருசியும் தெரியவில்லை, பாட்டும் காதில் விழவில்லை, உமக்கு நான் எதற்குப் பாரம் என்றார். தாய் தகப்பன் கல்லறைக்குப் பக்கத்தில் சாகிறேன் என்று சொல்லி, தனக்குப் பதிலாக இளையவன் கிம்காமை அனுப்பிவைத்தார். போன யாக்கோபையும் போகாத பர்சில்லாயையும் மறைநூல் குறை சொல்லவில்லை.

இவ்வளவையும் நாங்கள் சொல்லி முடித்த பிறகுதான் அந்த அம்மா வாயைத் திறந்தார். "ஃபாதர், அங்க நான் செத்துட்டா எங்க வைப்பாங்க?"

அவருடைய கணவர் கோபப்பட்டார். எங்களுக்கு அது மிகச் சரியான கேள்வியாகத் தெரிந்தது. ஆபிரகாம் கடவுள் காட்டிய நாட்டில் அத்தனை ஆண்டுகள் வாழ்ந்தும் அங்கே விலைக்கு வாங்கி வைத்திருந்த கல்லறை ஒன்றுகூட இல்லை. சாரா இறந்த அன்று, நான் இங்கே அந்நியன் என்று சொல்லித்தான் எப்ரோனிடம் இடம் கேட்டார். சும்மா தருகிறேன் என்றதை ஏற்காமல் 400 வெள்ளிக் காசு நிறுத்துக் கொடுத்து மக்பேலா குகையை வாங்கினார். யாக்கோபும் எகிப்தில் கண்ணை மூடும் முன், என்னை அங்கே கொண்டுபோய் அடக்கம் செய் என்று மகனிடம் சத்தியம் வாங்கினார்.

அம்மாவுக்கு எங்களுக்குத் தெரிந்ததைச் சொன்னோம். ஸ்பெயினில் பல கல்லறைத் தோட்டங்களில் மண்ணுக்குள் வைப்பதில்லை, சுவரில் மாடம் மாடமாகக் கட்டி அதில் வைப்பார்கள். பல இடங்களில் அது குறிப்பிட்ட ஆண்டுகளுக்குத்தான். இங்கே நாமும் இடமில்லாமல் குடும்பக் கல்லறையைத்தானே திரும்பத் திறக்கிறோம்! நவம்பர் முதல் நாள், புனிதர் அனைவர் விழாவன்று, அங்கேயும் குடும்பம் குடும்பமாகப் போய்க் கல்லைத் துடைத்துப் பூ வைப்பார்கள். என்ன பூ தெரியுமா? செவந்திப் பூ. இதைக் கேட்டதும் அம்மாவின் முகம் கொஞ்சம் இளகியது.

மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொன்னோம். ஸ்பெயினின் நவார் நாட்டிலிருந்து 1542இல் நம் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியார், உதவிக்கு ஆள் வைத்துச் செபங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்து மக்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். அவருக்கு அப்போது வயது 36. அறுபத்தேழில் ஸ்பானியம் கற்பது சிரமம்தான். ஆனால் தெருவில் எதிர்ப்படும் கிழவருக்கு அவர் மொழியில் காலை வணக்கம் சொல்லவும், கோயிலைப் பெருக்க ஒரு துடைப்பம் கேட்கவும் எவ்வளவு மொழி வேண்டும்?

கடைசியில் எங்கள் யோசனை இதுதான்: வீட்டை விற்காதீர்கள். ஆகஸ்டில் போகாதீர்கள். ஜனவரியில், குளிர் பூச்சியத்துக்குக் கீழே இறங்கும்போது, அந்த 90 நாள் இருந்து பாருங்கள். தெருவில் மேசை இருக்காது. அன்றைக்கும் கதவைத் தட்டி யார் வருகிறார்கள், நீங்கள் யார் கதவைத் தட்டுகிறீர்கள் என்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்து சொல்லுங்கள்.

அவர்கள் ஜனவரியில் போகிறார்கள். சீட்டு எடுத்தாயிற்று. இந்த முடிவு எங்கள் அன்பியத்துக்கும் ஒரு வேலையைக் கொண்டுவந்துவிட்டது. அந்த அம்மா தினமும் சாயங்காலம் எட்டிப் பார்க்கிற மூன்று வீடுகள் இருக்கின்றன. மூன்றிலும் தனியாக இருக்கும் பெரியவர்கள். பிள்ளைகள் துபாயிலும் பெங்களூரிலும் இருக்கிறார்கள். ஒருவருக்குக் கண் தெரியாது, மாத்திரையைப் பிரித்துக் கொடுக்க வேண்டும். யாக்கோபுக்கு வந்த வண்டியும் பர்சில்லாய்க்கு வந்த அழைப்பும் இவர்களுக்கு வரவில்லை. "நான் இல்லாத மூணு மாசம் யார் பார்ப்பா ஃபாதர்?" என்று அந்த அம்மா கேட்டபோது, அவர் போகத் தயங்கியது கல்லறைக்காக மட்டுமல்ல என்று எங்களுக்கு விளங்கியது.

மாத்திரை வீட்டுக்கு மரியாயின் சேனையிலிருந்து ஒருவர் பெயர் கொடுத்திருக்கிறார். இரண்டாவது வீட்டுக்கு நற்கருணை கொண்டுபோகும்போது நாங்களே கூடுதலாகக் கொஞ்ச நேரம் உட்காருவதாகச் சொல்லியிருக்கிறோம். மூன்றாவது வீடு, பெரிய தெருவின் கடைசியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதற்கு இன்னும் யாரும் வரவில்லை. ஞாயிறு முதல் திருப்பலி முடிந்ததும் சாக்ரீஸ்து அறை வாசலில் இருப்போம்.