குழந்தைக்கு உடம்பு சரியில்லை: எதை வீட்டில் பார்க்கலாம், எப்போது உடனே கிளம்ப வேண்டும்?

(பழவேற்காடு ஏரிக்கரை மீனவ கிராமங்களின் தாய்மார்களுக்காகக் குழந்தைகள் நலப் பிரிவு செவிலியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு நேராக இங்கே வந்திருக்கும் அம்மாக்களுக்கும், பேரப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்திருக்கும் ஆயாக்களுக்கும், இதைப் போனில் படிக்கிற உங்களுக்கும் சேர்த்தே பேசுகிறேன்.

ராத்திரி நேரத்தில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறவர்களிடம் நாங்கள் முதலில் கேட்பது, "எப்போதிலிருந்து இப்படி இருக்கு?" என்பதுதான். "நேத்து சாயங்காலத்துல இருந்தே மூச்சு வாங்குது சிஸ்டர். அவங்க அப்பா கடல்ல இருந்து வரட்டும்னு இருந்தோம்" என்பது நாங்கள் அடிக்கடி கேட்கும் பதில். அந்த அம்மாவுக்கு அக்கறை இல்லாமல் இல்லை. இது காத்திருக்கக் கூடாத மூச்சு என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அதைச் சொல்லித் தரத்தான் வந்திருக்கிறேன்.

சின்னக் குழந்தைக்கு வரும் சளி, காய்ச்சல், பேதியில் பெரும்பாலானவை வீட்டுக் கவனிப்பிலேயே சரியாகிவிடும். சிலவற்றுக்கு மட்டும் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்க முடியாது. இரண்டையும் பிரித்துப் பார்க்க நோயின் பெயர் தெரிய வேண்டியதில்லை, சில அடையாளங்கள் தெரிந்தால் போதும். இந்தியா முழுவதும் செவிலியர்களுக்கும் கிராம சுகாதாரப் பணியாளர்களுக்கும் பயிற்சியில் சொல்லித் தரும் அதே அடையாளங்களைத்தான் சொல்லப் போகிறேன்.

உடனே கிளம்ப வேண்டிய நான்கு அடையாளங்கள்

இரண்டு மாதம் முதல் ஐந்து வயது வரை உள்ள குழந்தைக்கு இவை பொருந்தும்.

ஒன்று, பாலோ தண்ணீரோ குடிக்க முடியவில்லை. இரண்டு, உள்ளே போனதெல்லாம் வாந்தியாக வெளியே வந்துவிடுகிறது. மூன்று, வலிப்பு வந்தது. நான்கு, குழந்தை துவண்டு கிடக்கிறது, எழுப்பினாலும் கண் திறந்து பார்க்கவில்லை.

இதில் ஒன்று இருந்தாலும் போதும், கிளம்பிவிடுங்கள். வீட்டுக்காரர் வரட்டும், விடியட்டும், ஒரு வேளை மருந்து கொடுத்துப் பார்ப்போம் என்று நிற்க வேண்டாம்.

இரண்டு மாதம் ஆகாத பச்சைக் குழந்தைக்கு இன்னும் கவனம் வேண்டும். பால் இழுக்கவில்லை, உடம்பு சுடுகிறது அல்லது சில்லென்று ஆகிவிட்டது, தொட்டு எழுப்பினால் மட்டும்தான் அசைகிறது, உள்ளங்கையும் உள்ளங்காலும் மஞ்சளாக இருக்கிறது, மூச்சு வேகமாகப் போகிறது என்றால் ஆஸ்பத்திரிதான். இந்த வயதில் சாதாரணக் காய்ச்சல் என்று ஒன்று கிடையாது. போகிற வழியில் குழந்தையை உங்கள் நெஞ்சோடு அணைத்து, மேலே துணி போர்த்திச் சூடாக வைத்துக்கொள்ளுங்கள். குடித்தால் தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே போங்கள்.

சளி இருந்தால் மூச்சை எண்ணுங்கள்

சளி, இருமல் வராத குழந்தை இல்லை. ஆனால் சளி நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியா ஆகிவிட்டதா என்பதை உங்கள் கையில் இருக்கும் போனை வைத்தே கண்டுபிடிக்கலாம்.

குழந்தை அழாமல், பால் குடிக்காமல் அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கி வயிற்றைப் பாருங்கள். போனில் டைமரை ஒரு நிமிடத்துக்கு வையுங்கள். வயிறு ஒரு முறை மேலே ஏறி இறங்கினால் ஒரு மூச்சு. முழுசாக 60 விநாடியும் எண்ண வேண்டும். 15 விநாடி எண்ணி நாலால் பெருக்கக் கூடாது, ஏனென்றால் குழந்தையின் மூச்சு ஒரே சீராக இருக்காது.

இரண்டு மாதத்துக்குக் கீழே என்றால் நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல், 2 மாதம் முதல் ஒரு வயது வரை 50 அல்லது அதற்கு மேல், ஒரு வயது முதல் 5 வயது வரை 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது வேக மூச்சு. பச்சைக் குழந்தைக்கு 60-க்கு மேல் வந்தால் இன்னொரு தடவை எண்ணி உறுதி செய்துகொள்ளுங்கள். வேக மூச்சு என்றால் அன்றைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

இன்னொன்றும் பாருங்கள். மூச்சை உள்ளே இழுக்கும்போது நெஞ்சின் கீழ்ப்பகுதி விரிய வேண்டும். அதற்குப் பதிலாக விலா எலும்புக்குக் கீழே பள்ளம் விழுந்து உள்ளே போனால், குழந்தை கஷ்டப்பட்டு மூச்சு விடுகிறது என்று அர்த்தம். அப்போது எண்ணிக்கொண்டு உட்கார வேண்டாம், உடனே கிளம்புங்கள். நேரம் கிடைத்தால் 20 விநாடி வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். டாக்டருக்கு அது உதவும்.

வேக மூச்சும் இல்லை, பள்ளமும் விழவில்லை, குழந்தை குடிக்கிறது, விளையாடுகிறது என்றால் அது வெறும் சளிதான். தாய்ப்பால் அடிக்கடி கொடுங்கள். ஒரு வயதைத் தாண்டிய குழந்தைக்கு வெதுவெதுப்பான துளசித் தண்ணீரும் கொஞ்சம் தேனும் கொடுக்கலாம். ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது. கற்பூரத்தை எண்ணெயில் காய்ச்சி நெஞ்சில் தடவுகிறார்கள். கற்பூரம் உடம்புக்குள் போனால் சின்னக் குழந்தைக்கு வலிப்பே வரலாம். கொதிக்கிற தண்ணீரை வைத்து ஆவி பிடிக்க வைப்பதும் வேண்டாம். அது கொட்டிக் குழந்தை வெந்து போகலாம். விறகு அடுப்புப் புகையிலிருந்தும் குழந்தையைத் தள்ளி வையுங்கள்.

கடையில் வாங்கும் இருமல் சிரப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2025-இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் ஒரு இருமல் சிரப்பைக் குடித்துச் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அந்த சிரப் தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதித்தபோது அதில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு 48.6 சதவீதம் இருந்தது. அந்த அக்டோபரிலேயே மத்திய சுகாதாரத் துறை, 2 வயதுக்குள் இருமல், சளி மருந்து எழுதவே கூடாது, 5 வயதுக்குள் பொதுவாகத் தேவையில்லை என்று அறிவுறுத்தியது. அதனால் கடைக்காரரிடம் "இருமலுக்கு ஏதாவது கொடுங்க"ன்னு கேட்டு வாங்காதீர்கள்.

பேதியா? முதல் வேலை ஓ.ஆர்.எஸ்.

பேதியில் குழந்தையின் உயிருக்கு ஆபத்தாவது, உடம்பில் இருக்கும் தண்ணீரும் உப்பும் வெளியே போய்விடுவதுதான். போனதைத் திரும்பக் கொடுத்தால் குழந்தை பிழைக்கும். 1971-இல் வங்கதேசப் போரின்போது, மேற்கு வங்காளத்தின் போங்காவ் அகதிகள் முகாமில் காலரா பரவியது. ஊசி வழியாக ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டே வந்தது. டாக்டர் திலீப் மகலநாபிஸ் உப்பு, குளுக்கோஸ், சோடா உப்பு மூன்றையும் தண்ணீரில் கலந்து, நோயாளிகளின் சொந்தக்காரர்கள் கையாலேயே குடிக்கக் கொடுக்கச் செய்தார். 100-க்கு 30 பேர் வரை இறந்துகொண்டிருந்த இடத்தில், சாவு 4-க்கும் கீழே இறங்கியது. 2023-இல் அவருக்கு, மறைவுக்குப் பின், பத்ம விபூஷண் கொடுத்தார்கள். அன்று முகாமில் அம்மாக்கள் டம்ளரில் கொடுத்த அதே மருந்துதான், கொஞ்சம் மேம்படுத்தப்பட்டு, இன்றைக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது.

பெரிய பாக்கெட் ஒன்றுக்கு ஒரு லிட்டர் தண்ணீர். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை அளவாக வைத்துக்கொள்ளுங்கள். சின்ன பாக்கெட்டாக இருந்தால் அதன் மேல் போட்டிருக்கும் அளவைப் படித்துக் கரையுங்கள். பாதி பாக்கெட்டைப் பாதித் தண்ணீரில் கரைப்பது வேண்டாம்.

நம் ஊருக்கென்று ஒரு முக்கியமான விஷயம். இங்கே பல இடங்களில் கிணற்றுத் தண்ணீரும் அடிபம்புத் தண்ணீரும் உவர்ப்பாக இருக்கும். ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டில் உப்பு ஏற்கனவே சரியான அளவில் இருக்கிறது. அதை உப்புத் தண்ணீரில் கரைத்தால் உப்பு கூடிப்போய்க் குழந்தைக்கு ஆபத்தாகும். எனவே குடிக்கப் பிடித்து வைத்த நல்ல தண்ணீரைக் காய்ச்சி, ஆற வைத்து, அதில் மட்டும் கரையுங்கள். கரைத்ததை நீங்கள் ஒரு வாய் குடித்துப் பாருங்கள். கண்ணீரைவிட உப்பாக இருந்தால் கொட்டிவிடுங்கள். நன்றாக இருந்தாலும் 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள்.

ஒவ்வொரு முறை பேதியான பிறகும் 2 வயதுக்குள் 50 முதல் 100 மில்லி, 2 வயதுக்கு மேல் 100 முதல் 200 மில்லி கொடுங்கள். ஸ்பூனாலோ டம்ளராலோ கொஞ்சம் கொஞ்சமாக. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, இன்னும் மெதுவாகக் கொடுங்கள்.

கூடவே துத்தநாக மாத்திரை, அதாவது ஜிங்க். 2 முதல் 6 மாதம் வரை தினமும் 10 மில்லிகிராம், 6 மாதத்துக்கு மேல் 20 மில்லிகிராம், மொத்தம் 14 நாள். இரண்டாம் நாளே பேதி நின்றாலும் மாத்திரையை நிறுத்தாதீர்கள். தாய்ப்பாலையும் சாப்பாட்டையும் நிறுத்த வேண்டாம். "வயிறு சரியில்ல, பால் கொடுக்காதே" என்பது தவறு.

கடையில் அட்டை டப்பாவில் விற்கும் இனிப்புப் பானங்கள் ஓ.ஆர்.எஸ். ஆகாது. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி இல்லாத பானங்களில் ஓ.ஆர்.எஸ். என்று போடக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது.

கண் உள்ளே போய்விட்டது, வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாகத்தான் திரும்புகிறது, மலத்தில் ரத்தம் வருகிறது என்றால் டாக்டரிடம் போங்கள். போகும் வழியெல்லாம் ஓ.ஆர்.எஸ். கொடுத்துக்கொண்டே போங்கள். தொக்கம் எடுக்கிறேன், குடல் தட்டுகிறேன் என்று அலைந்து நேரத்தை விட்டுவிடாதீர்கள். அந்த நேரத்தில் குழந்தையின் உடம்பில் இருந்து இன்னும் தண்ணீர் போய்க்கொண்டே இருக்கும்.

காய்ச்சல் மருந்து: ஸ்பூன் கணக்கு வேண்டாம்

பாராசிட்டமால் மருந்தைக் குழந்தையின் எடையைப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். ஒரு கிலோவுக்கு ஒரு வேளை 15 மில்லிகிராம். 10 கிலோ குழந்தைக்கு 150 மில்லிகிராம். ஆனால் மருந்து ஒரே மாதிரி வருவதில்லை. 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ள சிரப்பில் இது சுமார் 6 மில்லி. 5 மில்லியில் 250 உள்ள சிரப்பில் வெறும் 3 மில்லி. ஒரு மில்லியில் 100 உள்ள சொட்டு மருந்தில் ஒன்றரை மில்லிதான். போன தடவை வாங்கிய சிரப்பின் கணக்கில் சொட்டு மருந்தை 6 மில்லி கொடுத்தால், குழந்தைக்கு நாலு மடங்கு மருந்து போய்விடும். அது கல்லீரலைக் கெடுக்கும். ஆகவே டாக்டரிடம் "எத்தனை மில்லி, எத்தனை மணிக்கு ஒரு தடவை" என்று கேட்டு, பாட்டிலையும் சீட்டையும் சேர்த்துப் போனில் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் 6 மணி நேரம் இடைவெளி வேண்டும்.

வலிப்பு வந்தால் குழந்தையை ஒருபக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் ஊற்றாதீர்கள், ஸ்பூனை நுழைக்காதீர்கள். கையில் இரும்புச் சாவி கொடுப்பதால் வலிப்பு நிற்காது. எத்தனை நிமிடம் வந்தது என்று மட்டும் பார்த்துக்கொண்டு 108-ஐக் கூப்பிடுங்கள்.

மழைக்காலத்தில் டெங்குவை மறக்க வேண்டாம். காய்ச்சல் விட்ட பிறகுதான் அதில் ஆபத்து அதிகம். சூடு குறைந்த பின் வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், கை கால் சில்லிட்டுப் போவது என்றால் உடனே ஆஸ்பத்திரி.

இன்றைக்கே செய்ய வேண்டியவை

பழவேற்காடு ஆரம்ப சுகாதார நிலையத்தைத் தாண்டினால் பொன்னேரி அரசு மருத்துவமனை சுமார் 20 கிலோமீட்டர். அதற்கும் மேலே சென்னை ஸ்டான்லி, எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை என்று போக வேண்டும். தூரத்தை நாம் குறைக்க முடியாது, கிளம்பும் நேரத்தை முன்னால் கொண்டுவரலாம். 108-க்குப் பேசும்போது பாலத்துக்கு எந்தப் பக்கம், எந்தக் கோயில் அல்லது பள்ளிக்கூடம் பக்கத்தில் வண்டி நிற்க முடியும் என்பதைச் சொல்லுங்கள். மருத்துவச் சந்தேகம் கேட்க 104 இருக்கிறது. ஆனால் முதலில் சொன்ன நான்கு அடையாளங்களில் ஒன்று இருந்தால் சந்தேகம் கேட்டுக்கொண்டிருக்காமல் 108-தான்.

தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். பேதிக்கான ரோட்டா வைரஸ் தடுப்பு மருந்து 2017 முதலும், நிமோனியாவுக்கான நியூமோகாக்கல் தடுப்பூசி 2021 முதலும் தமிழ்நாட்டில் இலவசமாகப் போடப்படுகின்றன. ஏதாவது விட்டுப்போயிருந்தால் வருகிற புதன்கிழமையே உங்கள் கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள். அட்டையையும் போட்டோ எடுத்து வையுங்கள்.

வீட்டில் எப்போதும் இரண்டு ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இருக்கட்டும். நீங்கள் ஏலத்துக்கோ இறால் பிடிக்கவோ போயிருக்கும்போது குழந்தையைப் பார்த்துக்கொள்வது ஆயாவோ அக்காவோதான். அதனால் இந்த நான்கு அடையாளங்களையும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுங்கள். யாரையும் கேட்காமல் 108-க்குப் போன் பண்ணலாம் என்ற அனுமதியையும் சேர்த்துக் கொடுங்கள்.

இன்று ராத்திரி குழந்தை தூங்கும்போது ஒரு நிமிடம் டைமர் வைத்து மூச்சை எண்ணிப் பழகுங்கள். நல்ல நாளில் எத்தனை என்று தெரிந்திருந்தால், உடம்பு சரியில்லாத நாளில் வித்தியாசம் உங்களுக்கே தெரியும்.