வேலிக்கு அந்தப் பக்கம் ஆடு, இந்தப் பக்கம் நாம்

(தோட்டங்களில் இருந்து கிளிநொச்சிக்கு வந்திருந்த எமது மாதர் பிரிவு அங்கத்தவர்களுடனான சந்திப்பில், மலையகத்தில் பிறந்து வன்னியில் குடியேறிய சகோதரி ஒருவர் ஆற்றிய உரை.)



காணி உரிமையைப் பற்றிப் பேசச் சொல்லித்தான் என்னைக் கூப்பிட்டார்கள். ஆனால் காலையில் தேத்தண்ணி குடிக்கும்போது உங்களில் ஒரு தங்கச்சி என்னிடம் ஒரு கேள்வி கேட்டா. "அக்கா, பக்கத்து வீட்டுல மாடு வாங்கப் போறாங்களாம். எங்க வாசல்லதான் நாறும். தடுக்கிறதுக்குச் சட்டம் ஏதாவது இருக்கா?" அந்தக் கேள்விக்கே பதில் சொல்கிறேன். அதற்குள் காணி உரிமையும் வந்துவிடும்.

முதலில் எங்கள் அம்மாவின் மாட்டுக் கதை. தோட்டத்தில் லயத்துக்குப் பின்னால் அம்மா ஒரு பசு வைத்திருந்தார். கொழுந்து நிறுத்துவிட்டு, புல்லுக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டுதான் வீட்டுக்கு வருவார். 1973, 74 பஞ்ச காலத்தில் தோட்டத்தில் எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரியவில்லை. எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்தப் பசுவின் பால் இருந்தது. 1977 ஆகஸ்ட் கலவரத்தில் லயத்தை விட்டு ஓடினோம். பசுவை என்ன விலைக்குக் கொடுத்தோம் என்று அம்மா இன்றைக்கும் சொல்லமாட்டார்.

அப்போது எங்களைப் போல ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் வந்தன. டேவிட் ஐயாவும் டொக்டர் ராஜசுந்தரமும் நடத்திய காந்தியம் அமைப்பு வவுனியாப் பக்கம் பலரைக் குடியமர்த்தியது. நாங்கள் தெரிந்தவர்களைப் பிடித்து கிளிநொச்சிக்கு வந்தோம். காடு வெட்டி, கொட்டில் போட்டு, இரண்டு வருடத்தில் அம்மா மறுபடியும் ஒரு மாடு வாங்கினார். அயலில் இருந்தவர்கள் முகம் சுளித்தார்கள். "வந்ததும் வராததுமா மாடு" என்று பேசினார்கள். அம்மா பதில் பேசவில்லை. முதல் நாள் பாலில் ஒரு செம்பு அந்த வீட்டுக்குப் போனது. அடுத்த வாரம் அவர்களுடைய கத்தரிப் பாத்திக்கு ஒரு கூடை எரு போனது. அதோடு பேச்சு அடங்கியது.

இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் என் முறை வந்தபோது நான் எப்படி நடந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

எங்கள் வேலிக்கு மேற்குப் பக்கம் ஒரு தங்கச்சி இருக்கிறா. வன்னியிலேயே பிறந்தவ. 2009இல் கணவன் இல்லாமல் போனார். இரண்டு பிள்ளைகள். 2021இல் ஒருநாள் வேலியடியில் நின்று, "அக்கா, எனக்கு நாலு ஆடு தரப் போகினம். இதில கொட்டில் போடப் போறன்" என்று சந்தோசமாகச் சொன்னா. அவ காட்டிய இடம் எங்கள் கிணற்றில் இருந்து பதினைந்து அடிதான் இருக்கும். என் பேத்திக்கு இழுப்பு. நான் இடத்தையும் சொல்லவில்லை, பேத்தியின் வருத்தத்தையும் சொல்லவில்லை. "ஓசி ஆடு கிடைச்சா ஊர நாறடிக்கணுமா?" என்று கேட்டுவிட்டேன். அவளுக்கும் கோபம் வந்தது. நம்மைப் பார்த்துச் சொல்லக்கூடாத அந்தத் தோட்டக்காட்டுச் சொல்லை அவளும் சொன்னாள். நாற்பது வருடமாக நான் கேட்டுப் பழகிய சொல்தான். ஆனாலும் அன்றிரவு நான் சாப்பிடவில்லை. அவளும் சாப்பிடவில்லை என்று பிறகுதான் தெரிந்தது.

மறுநாள் கிராம அலுவலருக்கு முறைப்பாடு எழுத உட்கார்ந்தேன். அம்மா பார்த்துவிட்டார்.

"என்னடி எழுதுற?"

"ஆட்டுக் கொட்டிலுக்குப் பெட்டிசன்."

"எழுது. அதிகாரி வருவாரு. வந்தா கொட்டில மட்டுமா பாப்பாரு? வேலி யாரு போட்டது, காணிக்கு பேர்மிட் எங்கன்னும் கேப்பாரு. அவகிட்டயும் இல்ல. ஒன்கிட்டயும் இல்ல. அப்ப என்னத்த காட்டுவ?"

நான் பேனையை மூடிவிட்டேன். அம்மா இன்னும் ஒன்று சொன்னார். "மணம் ஆட்டுல இல்லடி. கொட்டில்ல இருக்கு. கொட்டில் எங்க, எப்பிடின்னு போய்ப் பேசு."

அன்று பின்னேரம் நாங்கள் இரண்டு பேரும் போனோம். முதலில் நான் சொன்ன சொல்லுக்கு மன்னிப்புக் கேட்டேன். அவள் அழுதாள், தன் சொல்லுக்கு அவளும் கேட்டாள். அதற்குப் பிறகுதான் ஆட்டைப் பற்றிப் பேசினோம். பேசியதை ஒரு கொப்பித் தாளில் எழுதி ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொண்டோம். அதில் இருந்ததைச் சொல்கிறேன், உங்களுக்கும் உதவும்.

முதலாவது, இடம். கொட்டில் கிணற்றுக்கு ஐம்பது அடிக்கு அப்பால் இருக்க வேண்டும். காற்றையும் பார்க்க வேண்டும். இங்கே மே மாதம் தொடங்கி செப்டம்பர் வரைக்கும் சோளகம் தென்மேற்கில் இருந்து அடிக்கும். அவ முதலில் காட்டிய இடத்தில் போட்டிருந்தால் ஐந்து மாதமும் மணம் எங்கள் குசினிக்குள்தான் வந்திருக்கும். இரண்டு பேருடைய வீடும் றோட்டுப் பக்கம் இருப்பதால், கொட்டிலைக் காணியின் வடக்கு மூலைக்குப் போட்டோம். காற்று மணத்தைப் பின்பக்க வெறுங்காணிக்குக் கொண்டுபோகும். மாற்றுவதற்கு ஒரு சதமும் செலவில்லை. கட்டுவதற்கு முன்னமே பேசியதால் செலவில்லை. கட்டிய பிறகு பேசியிருந்தால் கூரைத் தகரம் கழற்ற வேண்டும், மரம் பிடுங்க வேண்டும், யார் காசு கொடுப்பது என்று இன்னொரு சண்டையும் வந்திருக்கும்.

இரண்டாவது, கொட்டில். ஆட்டுக்குப் பரண் வேண்டும். நிலத்தில் இருந்து மூன்று, நான்கு அடி உயரத்தில் சட்டம் அடித்து இடைவெளி விட்டால் புழுக்கை கீழே விழுந்துவிடும், ஆடு ஈரத்தில் நிற்காது. ஈரம்தான் மணம். ஒரு பெரிய ஆட்டுக்குப் பத்து, பதினைந்து சதுர அடி வேண்டும். நாலு ஆட்டுக்கு ஆறடிக்குப் பத்தடி கொட்டில் காணும்.

மூன்றாவது, துப்புரவு. சூடான காலத்தில் இலையான் முட்டை இட்டு, அது புழுவாகி, மறுபடி இலையானாகப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். அதற்குள் எருவை அள்ளிவிட்டால் இலையான் பெருகாது. கிழமைக்கு இரண்டு முறை அள்ளிக் காயப்போட்டு மூடுவது என்று எழுதினோம். எருவில் பாதி எங்கள் பயிற்றங்கொடிக்கு.

நான்காவது, எண்ணிக்கை. இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். ஆடு சினைப்பட்டு ஐந்து மாதத்தில் குட்டி போடும். இரட்டைக் குட்டியும் போடும். நாலு ஆடு என்று சம்மதித்தால் வருடம் முடிய முன்னம் பத்து நிற்கும். ஆகவே பெரிய ஆடு நாலு, குட்டிகளை ஆறு மாதத்துக்குள் விற்பது என்று வைத்தோம். கிடாய் வைப்பதில்லை என்றும் எழுதினோம். ஆட்டு மணம் என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு வளர்ந்த கிடாயின் மணம். சினைக்கு வேறு இடத்துக் கிடாயிடம் கொண்டுபோகலாம். கிடாய்க்குட்டி கொஞ்சக் காலம் நிற்பதென்றால் கால்நடை வைத்தியரிடம் சொல்லி நலமடித்துவிடலாம்.

ஐந்தாவது, வேலி. கிளிசரியாவும் பூவரசும் சேர்த்து நெருக்கமாக நட்டோம். நட்டது இரண்டு வீட்டாரும். தழை அவளுக்கு, வேலி எனக்கு. ஆடு புகுந்து பயிரைத் தின்றால் அன்றைக்கே வந்து பார்த்து, நட்டத்தைப் பேசித் தீர்ப்பது.

ஒருமுறை புகுந்தது. காய்க்கத் தொடங்கிய இரண்டு பாத்திப் பயிற்றங்கொடியை ஒரு காலையில் தின்று முடித்துவிட்டது. எனக்கு வயிறு எரிந்தது. ஆனால் தாளில் எழுதி வைத்திருந்தோமே! அவளே வந்து பார்த்தாள். அடுத்த குட்டி விற்ற காசில் விதையும் கம்பும் வாங்கித் தந்தாள். எழுதாமல் விட்டிருந்தால் அந்தக் காலை பழைய சொல்லெல்லாம் மறுபடி வெளியே வந்திருக்கும்.

பிறகு 2022 டிசம்பர் வந்தது. மாண்டஸ் புயலோடு வந்த அந்தக் குளிரை நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் ஓரிரு நாளில் விறைத்துச் செத்தன. கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் வெட்டையில் நின்ற மாடுகள் நின்ற இடத்திலேயே விழுந்தன. அன்றிரவு அவ வேலியடியில் நின்று கூப்பிட்டா. அவவின் ஆடுகளை எங்கள் விறாந்தையில் கட்டி, சாக்குப் போர்த்து, சட்டியில் நெருப்புப் போட்டு விடிய விடிய இருந்தோம். ஒரு குட்டி செத்தது. மற்றதெல்லாம் தப்பியது. பேத்தியை உள்ளறையில் படுக்கவைத்துக் கதவைச் சாத்தியிருந்தேன். ஆடு வேண்டாம் என்று நின்ற நான்தான் ஆட்டுக்குச் சாக்குப் போர்த்தினேன்.

இனி உங்கள் பக்கம் வருகிறேன்.

எங்களுக்கு இங்கே அரை ஏக்கர். அதாவது எண்பது பேர்ச். உங்களுக்குப் புதிய வீட்டோடு கிடைத்தது ஏழு பேர்ச். கிட்டத்தட்ட 1,900 சதுர அடி. அதில் 550 சதுர அடி வீடு, பிறகு மலசலகூடம், நடைபாதை. மிச்சத்தில் ஐம்பது அடி தூரம் எங்கே பார்ப்பது? லயத்தில் இருப்பவர்களுக்கு அதுவும் இல்லை. பக்கத்துக் காம்பராவின் சுவர்தான் உங்கள் சுவர். ஆகவே ஏழு பேர்ச்சுக்குள் பசு மாடு வேண்டாம் என்று ஒரு அக்கா சொன்னால், அவ பொறாமையில் சொல்கிறா என்று நினைக்காதீர்கள். ஒரு மாடு நாளுக்குப் பத்துக் கிலோவுக்கு மேல் சாணம் போடும், அதற்கு மேல் மூத்திரம். அது வழிந்து கீழ்வீட்டுப் பீலிக்கும் ஊற்றுக்கும் போனால் அங்கே பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம். அப்படி இடம் இல்லாதவர்களுக்குக் கோழி இருக்கிறது. சேவல் இல்லாமலே கோழி முட்டை இடும். விடியச் சாமத்தில் கூவுகிறது என்ற சண்டையும் இல்லை. கூட்டுக்குள் உமியோ மரத்தூளோ போட்டு ஈரமாகாமல் வைத்தால் மணமும் குறைவு.

மாடுதான் வேண்டும் என்றால், லயத்துக்குத் தள்ளி நாலைந்து குடும்பம் சேர்ந்து ஒரு பட்டி கேளுங்கள். அதைத் தனியாள் கேட்பதை விடச் சங்கம் கேட்பது நல்லது. தோட்டக் காணியில் பட்டி போடக் கம்பெனி சம்மதம் வேண்டும். இங்கேதான் கவனம். பக்கத்து வீட்டுக்காரி மேல் உள்ள கோபத்தில் நீங்கள் துரையிடம் முறைப்பாடு கொடுத்தால், அவளுடைய பட்டியோடு நிற்குமா? அதையே காட்டி எல்லோருடைய பட்டியையும் கழற்றச் சொல்லலாம். நாளைக்கு உங்கள் மகள் ஒரு ஆடு வாங்க நினைத்தால் அவளுக்கும் வழி இருக்காது.

பேசியும் சரிவராத ஆட்களும் உண்டு. அதற்காக வாயை மூடிக்கொண்டு நாற்றத்தில் இருங்கள் என்று நான் சொல்லவில்லை. முதலில் இரண்டு வீட்டுக்கும் பொதுவான ஒருவரை வைத்துப் பேசுங்கள். தோட்டத் தலைவரோ மாதர் சங்கத் தலைவியோ வரட்டும். கிணறு, ஊற்று, இலையான், நோய் என்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கூப்பிடலாம். மிருகத்துக்கு நோய் என்றால் அரசாங்கக் கால்நடை வைத்தியர் இருக்கிறார். பயிரை மேய்ந்த மாட்டுக்காகச் சட்டமே இருக்கிறது, 1876இல் வெள்ளைக்காரன் காலத்தில் வந்தது. சேதத்துக்கு மாட்டின் சொந்தக்காரர் பொறுப்பு. ஆனால் மாட்டை வெட்டவோ சுடுதண்ணி ஊற்றவோ வேண்டாம். அப்படிச் செய்தால் நீங்கள்தான் குற்றவாளி. அதற்கும் மேல் மத்தியஸ்த சபை இருக்கிறது. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தில் வந்தது. அங்கே லோயர் பேசமுடியாது, நாமே நம் வாயால் பேசலாம். நம்மைப் போன்றவர்களுக்குக் கோட்டை விட அது நல்லது.

இங்கே வன்னியில் ஒரு வழக்கம் உண்டு. காலபோக விதைப்புக்கு முன்னம் விவசாயிகளும் அதிகாரிகளும் கூட்டம் வைப்பார்கள். எத்தனையாம் திகதிக்குள் மாடுகளை வயல்பக்கம் இருந்து அகற்ற வேண்டும், கட்டாக்காலி மாட்டை என்ன செய்வது என்று அங்கே முடிவெடுப்பார்கள். வயல்காரரும் மாட்டுக்காரரும் அந்தக் கூட்டத்தில் சத்தம் போடுவார்கள். ஆனாலும் ஒரு திகதி குறித்துக்கொண்டுதான் எழும்புவார்கள். ஒரு ஊரே உட்கார்ந்து முடிவெடுக்கலாம் என்றால், இரண்டு வீடு உட்கார்ந்து முடிவெடுக்க முடியாதா?

காலையில் கேட்ட தங்கச்சி, உங்களுக்கு என் பதில் இதுதான். மாடு வருவதைத் தடுக்கச் சட்டம் தேடுவதற்கு முன்னால், மாடு வருவதற்கு முன்னால் அந்த வீட்டுக்குப் போங்கள். எத்தனை, எங்கே, யார் அள்ளுவது, தின்றால் யார் கொடுப்பது என்று நாலு கேள்வி கேட்டு ஒரு தாளில் எழுதுங்கள். நியாயமான பதில் வராவிட்டால் வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது, சங்கமும் உங்கள் பக்கம் நிற்கும். நியாயமான பதில் வந்தால் விட்டுக்கொடுங்கள். காணி உரிமை கேட்டு நாம் எல்லோரும் ஒன்றாக நிற்க வேண்டிய நேரத்தில், ஒரு ஆட்டுக்காக வேலிக்கு இரண்டு பக்கமும் பிரிந்து நிற்கக்கூடாது.

அந்தக் கொப்பித் தாள் இன்னும் எங்கள் சாமிப்படத்துக்குப் பின்னால் இருக்கிறது. பேர்மிட் இன்னும் வரவில்லை. அதற்கு அவளும் நானும் ஒரே விண்ணப்பத்தோடு, ஒரே பஸ்ஸில்தான் கச்சேரிக்குப் போய் வருகிறோம்.