வழி திருப்பும் வஞ்சகர்



இணையத்தில் ஏமாந்தவரைக் கண்டால், ‘ஏன் கண்டதையெல்லாம் தொட்டீர்கள்?’ என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. வாலிபராகிய நாமே வீட்டிலுள்ள பெரியோரை அவ்வாறு கடிந்துகொள்கின்றோம். அக்கேள்வி எத்துணைப் பொருத்தமற்றது என்பதை ஒரு வழக்கைக் கொண்டு காட்ட விரும்புகின்றோம்.

ஓர் இணையத்தளத்தின் பெயரை எழுதியதும், அதற்குரிய இலக்க முகவரியை டி.என்.எஸ். எனப்படும் சேவையகத்திடம் கணனி கேட்டறிகின்றது. ஊருக்குப் புதியவன் சந்தியில் நிற்பவரிடம் வழி கேட்பது போன்றது இது. நிற்பவனே கள்வனானால்? எஸ்தோனியாவிலிருந்து இயங்கிய கூட்டமொன்று 2007 முதல் 2011 வரை இதனையே செய்தது. படம் பார்க்க வேண்டிய மென்பொருளென்று சொல்லி நச்சு நிரலொன்றைப் புகுத்தினர். அது கணனியின் அமைப்பை மாற்றி, அவர்களுடைய சேவையகத்திடமே வழி கேட்கச் செய்தது. நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளில் ஏறத்தாழ 40 இலட்சம் கணனிகள் அகப்பட்டன. அமெரிக்க வரித் திணைக்களத்தை நாடியவர், வரிக்கணக்குப் பார்க்கும் தனியார் கம்பனியின் பக்கத்திற் போய் இறங்கினார். அவர் தொட்டதென்னவோ சரியான இணைப்பைத்தான்!

இதில் என்ன இலாபம்? ஆட்களைக் கொண்டுவந்து சேர்ப்போருக்குத் தரகு கொடுக்கும் விளம்பர வியாபாரம் ஒன்றுண்டு. தலைக்குக் கிடைப்பது அற்பம், தலைகளோ இலட்சக்கணக்கு. திரட்டிய தொகை 1 கோடியே 40 இலட்சம் டொலருக்குக் குறையாது. காவல் மென்பொருள் புதுப்பிக்கப்படாதவாறும் தடுத்துவிட்டனர். 2011 நவம்பரில் அறுவர் எஸ்தோனியாவிற் கைதாயினர். தலைவனுக்கு 2016 இல் நியூயோர்க் நீதிமன்றம் ஏழாண்டும் மூன்று மாதமும் சிறை விதித்தது.

கைதின் பின் எழுந்த சிக்கலே எமக்கு விந்தையாகத் தோன்றுகின்றது. கள்ளச் சேவையகங்களை உடனே நிறுத்தினால், அவற்றிடமே வழி கேட்டுப் பழகிய கணனிகள் யாவும் திசையறியாது நின்றுவிடும். ஆகவே நீதிமன்ற ஆணைப்படி நேர்மையான சேவையகங்களை அவ்விடத்தில் வைத்து, 2012 யூலை 9 வரை நடத்தவேண்டியதாயிற்று.

எமது நாட்டிலும் 2021 பெப்ரவரி 6 இல், ‘எல்கே’ என முடியும் சில முகவரிகளை நாடியோர் வேறொரு பக்கத்துக்குத் திருப்பப்பட்டனர். அது பணம் பறிக்க எழுந்ததன்று. தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குறை முதலியவற்றைச் சொன்ன பக்கம். எனினும், அங்கும் முகவரியைப் பிழையின்றி எழுதியவரே வழிமாறினர்.

வீட்டு ரவுற்றரின் கடவுச்சொல்லை, வாங்கியபோது இருந்தவாறே விடாது மாற்றிக்கொள்ளுங்கள். வங்கிப் பக்கத்தைத் திறக்கையில் உலாவி எச்சரித்தால் அவ்விடத்திலேயே நிறுத்திவிடுங்கள். அமைப்பைப் பார்க்கத் தெரியாத பெரியோர் கூட்டம் முடிந்ததும் எம்மிடம் கொண்டுவரலாம்; கேலி செய்யாமற் பார்த்துக் கொடுப்போம்.