வாயுவை மட்டும் மாற்றினால் போதுமா?

(தொழிற்சங்கப் படிப்பு வகுப்பில் ஒரு தோழர் ஆற்றிய உரையின் சுருக்கம்)

தோழர்களே!

ஆலைப் பட்டறையில் டார்ச் பிடிக்கிறவர்களும், வயலில் பாடுபடுகிறவர்களும் இங்கே சேர்ந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். "இரும்பு வெட்டுகிற விஷயத்தில் விவசாயத் தொழிலாளிக்கு என்ன இருக்கிறது?" என்று சிலர் கேட்கலாம்.

குஜராத்தில் அலங் என்று ஒரு கடற்கரை. 1983 முதல் பழைய கப்பல்களைக் கரையேற்றி அங்கே வெட்டுகிறார்கள். வெட்டுகிறவர்கள் யார்? உத்தரப் பிரதேசம், பீகார், ஜார்க்கண்ட், ஒடிசா கிராமங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள். அவர்கள் கையிலுள்ள டார்ச்சில் எரிவது நம் வீட்டு அடுப்பில் எரிகிற அதே எல்.பி.ஜி. வாயு. நம் ஊர்ப் பட்டறைகளிலும் அசிடிலினை விட்டுவிட்டு இந்த வாயுவுக்கு மாறிக் கொண்டிருக்கிறார்கள். ஏன்? மலிவு!

மலிவான எரிபொருளை நாம் எதிர்க்கிறோமா? இல்லை. விஞ்ஞானத்துக்குத் தொழிலாளி பகைவன் அல்ல. சோவியத் நாட்டில் மண்ணெண்ணெயைக் கொண்டே இரும்பை வெட்டும் டார்ச்சுகள் இருந்தன. தண்ணீருக்கு அடியில் வெட்டுவதற்கு ஹைட்ரஜனை உபயோகித்திருக்கிறார்கள். இது எப்படி முடிகிறது?

இரும்பை உருக்கி வெட்டுகிறோம் என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் இரும்பு எரிகிறது! முதலில் சுடரால் இரும்பை ஏறக்குறைய 900 டிகிரி வரை சூடேற்றுகிறோம். பிறகு நெம்பை அழுத்தினால் ஆக்ஸிஜன் பாய்கிறது. இரும்பு எரிந்து கசடாகி வெளியே தெறிக்கிறது. அடுப்பு மூட்டச் சுள்ளி எப்படியோ, அப்படித்தான் வெட்டுவதற்கு எரிவாயு. எந்தச் சுள்ளியானாலும் விறகு பற்றிக் கொள்ளும்.

ஆனால் வெல்டிங் வேறு. அசிடிலின் சுடரின் சூடு 3,100 டிகிரிக்கு மேல். புரோப்பேன் சுடரின் சூடு சுமார் 2,800. சூடு மட்டுமல்ல. அசிடிலின் சுடரின் உள்பகுதி உருகிய இரும்பைக் காற்றுப் படாமல் காக்கிறது. எல்.பி.ஜி. சுடர் அப்படிக் காப்பதில்லை. ஆகையால் எல்.பி.ஜி.யில் வெட்டலாம், சூடேற்றி வளைக்கலாம், பித்தளை வைத்துப் பற்றவைக்கலாம். இரும்போடு இரும்பை வெல்டிங் செய்யக் கூடாது. "ஒரே சிலிண்டரில் எல்லாம் முடி" என்று மேஸ்திரி சொன்னால், அந்த ஒட்டு ஒருநாள் விட்டுப் போகும். அன்று பழி யார் தலையில் விழும்?

இனி முதலாளி சொல்லாத கணக்கைப் பாருங்கள். ஒரு பங்கு அசிடிலினுக்குச் சுடரில் ஏறக்குறைய ஒரு பங்கு ஆக்ஸிஜன் போதும். புரோப்பேனுக்கு ஏறக்குறைய நான்கு பங்கு வேண்டும். இரும்பு சூடேறி வெட்டு ஆரம்பமாகவும் நேரம் கூடுதலாகப் பிடிக்கும். எடைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவனுக்கு அந்த நேரம் யார் கணக்கில் போகிறது? மிச்சம் முதலாளிக்கு, நஷ்டம் நமக்கு!

அதைவிடப் பெரிது உயிர். அசிடிலின் காற்றைவிடச் சற்று லேசானது. எல்.பி.ஜி.யோ காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. கசிந்தால் மேலே போகாது. குழியில், சாக்கடையில், கப்பலின் அடித்தளத்தில் தண்ணீர்போல் தேங்கும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்தாலே தீப்பிடிக்கும். ஒரு கிலோ வாயு கசிந்தால், பத்தடி நீளம், பத்தடி அகலம், பத்தடி உயரமுள்ள அறையை ஏறக்குறைய முழுவதும் வெடிக்கும் கலவையாக்கப் போதும். சாப்பாட்டு வேளையில் டார்ச்சைத் தொட்டிக்குள்ளேயே போட்டுவிட்டு மேலே வருகிறோம். திரும்பி இறங்கிச் சுடரைப் பற்றவைக்கும்போது என்ன ஆகும்?

அசிடிலினில் அபாயம் இல்லையா? உண்டு. அழுத்தம் கூடினால் அது காற்றே இல்லாமல் தானாக வெடிக்கும். அதனால்தான் சிலிண்டருக்குள் அதை அசிட்டோனில் கரைத்து வைக்கிறார்கள். ஒவ்வொரு வாயுவுக்கும் ஒரு குணம். குணம் மாறினால் கருவியும் மாற வேண்டும்.

ஆனால் நடப்பது என்ன? சிலிண்டரை மட்டும் மாற்றுகிறார்கள். பழைய நாசில், பழைய ஹோஸ், பழைய ரெகுலேட்டர்! அசிடிலின் நாசிலில் எல்.பி.ஜி. சுடர் நிலைத்து நிற்காது. சாதாரண ரப்பர் ஹோஸை எல்.பி.ஜி. அரித்துவிடும். சில இடங்களில் காண்டிராக்டர், வீடுகளுக்குச் சேர வேண்டிய 14.2 கிலோ சிலிண்டரையே கொண்டுவந்து வைக்கிறார். அது சட்ட விரோதம். பிடிபட்டால் அவருக்கு அபராதம். வெடித்தால் நமக்குச் சாவு.

ஆகவே நம் கோரிக்கைகள் என்ன?

ஒன்று: எல்.பி.ஜி.க்கு மாறினால் அதற்குரிய நாசில், ஹோஸ், ரெகுலேட்டர் எல்லாம் நிர்வாகத்தின் செலவில் மாற வேண்டும். சுடர் பின்னோக்கிப் பாய்வதைத் தடுக்கும் அரெஸ்டர் இரண்டு வாயுக்களுக்கும் வேண்டும்.

இரண்டு: வேலை நிற்கும்போது சிலிண்டர் வால்வை மூடி, டார்ச்சையும் ஹோஸையும் தொட்டியிலிருந்து வெளியே எடுக்க நேரம் தர வேண்டும். அந்த நேரத்துக்கும் கூலி உண்டு.

மூன்று: தொட்டிக்குள் இறங்குமுன் வாயு இருக்கிறதா என்று கருவி வைத்துச் சோதிக்க வேண்டும். கப்பல் உடைப்புக்கு 2019-ல் சட்டம் வந்தது. ஹாங்காங் சர்வதேச ஒப்பந்தம் 2025 ஜூன் 26-ல் அமலுக்கு வந்தது. காகிதத்தில் இருக்கும் பாதுகாப்பைத் தளத்துக்குக் கொண்டுவருவது சங்கத்தின் வேலை.

நான்கு: மாற்றத்துக்கு முன் பயிற்சி வேண்டும், எடைக் கூலியைத் திருத்த வேண்டும்.

தோழர்களே! நாளைக் காலை வேலைக்குப் போனதும் உங்கள் ஹோஸின் இணைப்புகளில் சோப்பு நுரை தடவிப் பாருங்கள். தீக்குச்சி கிழித்துப் பார்க்காதீர்கள். குமிழி வந்தால் வால்வை மூடுங்கள், வேலையை நிறுத்துங்கள். தனியாகப் போய்ச் சொன்னால் ஒருவனை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஷிப்டில் உள்ள எல்லோரும் சேர்ந்து போய்ச் சொல்லுங்கள். சொன்னதை எழுதிச் சங்கத்தில் கொடுங்கள். மற்றதைச் சேர்ந்து நின்று பார்ப்போம்!