இழுக்கும் வலிமையும் நிறுத்தும் வலிமையும்
(விவசாயிகள் பயிற்சி முகாமில் ஒரு வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



அறுவடைக் காலம் நெருங்கிவிட்டது. இன்னும் சில நாட்களில் களத்துமேட்டிலிருந்து நெல் கொள்முதல் நிலையத்துக்கு டிராக்டர்கள் ஓயாமல் ஓடத் தொடங்கும். புதிதாக டிரெய்லர் வாங்க எண்ணியிருப்போரும் இங்கே பலர் இருக்கிறீர்கள். "எங்கள் டிராக்டர் எவ்வளவு பாரம் இழுக்கும்?" என்று எங்களிடம் கேட்பவர்கள் அநேகர். "எவ்வளவு பாரத்தை அது நிறுத்தும்?" என்று கேட்பவர்கள் மிகச் சிலரே. இன்று நாம் சிந்திக்க வேண்டியது இந்த இரண்டாவது கேள்வியைத்தான்.

இழுப்பது எஞ்சினின் வேலை. கீழ்க் கியரில் மெதுவாகச் செல்லும்போது, தன் எடையைப் போல் பன்மடங்கு பாரத்தையும் டிராக்டர் இழுத்துவிடும். நிறுத்துவதோ பிரேக்கின் வேலை. பிரேக் எவ்வளவு நன்றாக இருந்தாலும், சக்கரம் தரையைப் பற்றும் பிடிப்புக்கு மேல் அது பயன்படாது. ஏரிக்கரையில் ஏறிவிட்ட வண்டி மறுபுறம் இறங்கும்போதுதான் சோதனை வருகிறது. பின்னாலிருக்கும் பாரம் முன்னே தள்ளுகிறது. டிராக்டர் பக்கவாட்டில் மடங்குகிறது. வண்டியும் ஆளும் பள்ளத்தில் கவிழ்கிறார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2 டன் எடையுள்ள டிராக்டர் ஒன்று. 1½ டன் எடையுள்ள டிரெய்லர் ஒன்று. அதில் 75 கிலோ நெல் மூட்டைகள் 40 ஏற்றினால் சரக்கு மட்டும் 3 டன். பின்னால் வருவது ஆக மொத்தம் 4½ டன். அதாவது டிராக்டரின் எடையைப் போல் இரண்டேகால் மடங்கு! நம் ஊர்ப் பட்டறைகளில் செய்யப்படும் டிரெய்லர்கள் பலவற்றில் பிரேக்கே கிடையாது. பிரேக் இல்லாத டிரெய்லர், சரக்குடன் சேர்த்து, டிராக்டரின் எடையைப் போல் ஒன்றரை மடங்கைத் தாண்டலாகாது என்று உற்பத்தியாளர் சிலரின் கையேடுகள் எச்சரிக்கின்றன. அதன்படி நமது டிராக்டருக்குப் பின்னால் 3 டன்னே வரலாம். ஏற்றத்தக்கவை 20 மூட்டைகளே. சரிவான பாதையில் இன்னும் குறைத்து ஏற்றுவதே விவேகம். அதிகம் ஏற்ற விரும்புவோர், பிரேக் உள்ள டிரெய்லரையே வாங்க வேண்டும்.

வேகமும் ஒரு பாரமே. மணிக்கு 15 கிலோமீட்டரில் செல்லும் வண்டி 30 கிலோமீட்டரில் சென்றால், பிரேக் தாங்க வேண்டிய விசையாற்றல் இரு மடங்கன்று, நான்கு மடங்காகிறது.

அடுத்தது, பாரத்தை எங்கே வைப்பது என்பது. இதை நாங்கள் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பாரவண்டி ஓட்டிய நம் முன்னோர்கள் முன்பாரம், பின்பாரம் பார்த்தே வண்டி கட்டினார்கள். முன்பாரம் மிகுந்தால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும்; பின்பாரம் மிகுந்தால் நுகம் மேலெழும்பிப் பூட்டாங்கயிறு கழுத்தை இறுக்கும். இரு சக்கர டிரெய்லருக்கும் இதே விதிதான். முன்பாரம் மிகுந்தால் கொக்கி அழுத்தப்பட்டு, டிராக்டரின் முன் சக்கரங்கள் தரைப்பிடிப்பை இழக்கும். ஸ்டியரிங் சொன்னபடி கேளாது. பின்பாரம் மிகுந்தால் கொக்கி மேலே தூக்கப்பட்டு, பின் சக்கரங்களின் பிடிப்புக் குறையும். டிரெய்லரும் பக்கவாட்டில் ஆடத் தொடங்கும். ஆகவே கனமான சரக்கை அச்சுக்குச் சற்று முன்னதாக, தாழ்வாக அடுக்குவதே முறை.

இணைப்பைத் தாழ்வான இழுவைக் கொக்கியில்தான் பூட்ட வேண்டும். உயரமான இடத்தில் பூட்டி இழுத்தால், முன்பகுதி எழும்பி, டிராக்டர் ஓட்டுபவர் மீதே மல்லாந்து கவிழக்கூடும். இணைப்பு ஆணி கழன்றுவிடாதபடி பூட்டி, பாதுகாப்புச் சங்கிலியும் மாட்டுங்கள். உழவின்போது தனித்தனியே மிதிக்கும் இரு பிரேக் மிதிகளையும், சாலைக்கு வருமுன் ஒன்றாக இணைத்துவிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் பிரேக் பிடித்தால் வண்டி சுழன்றுவிடும். இறக்கத்தில் டீசலை மிச்சப்படுத்தக் கியரை நியூட்ரலில் போடும் வழக்கம் ஆபத்தானது. இறங்கத் தொடங்குமுன்பே கீழ்க் கியருக்கு மாறிவிட வேண்டும்.

சட்டமும் இதில் கண்டிப்பாகவே இருக்கிறது. பதிவுச் சான்றிதழில் கண்ட எடைக்கு மேல் ஏற்றினால், 2019-ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி அபராதம் 20,000 ரூபாய். மிகுதியாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய். ஆயினும் அபராதத்துக்கு அஞ்சி இதைச் செய்ய வேண்டாம். மூட்டைகளின் மேல் களை பறிக்கும் பெண்களையும் பள்ளிப் பிள்ளைகளையும் உட்கார்த்தி வருகிறோமே, அதை எண்ணிப் பாருங்கள். டிரெய்லர் சரக்குக்கு ஏற்பட்டது, ஆட்களுக்கு ஏற்பட்டதன்று.

உங்களிடம் நாங்கள் வேண்டுவது ஒரு சிறு காரியம். அறுவடை தொடங்குமுன், அருகிலுள்ள எடை மேடைக்கு வண்டியைக் கொண்டு செல்லுங்கள். டிராக்டரைத் தனியாகவும், காலி டிரெய்லரைத் தனியாகவும் நிறுத்துப் பாருங்கள். எத்தனை மூட்டை ஏற்றலாம் என்று கணக்கிட்டு, டிரெய்லரின் பக்கப் பலகையில் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். கணக்கில் ஐயம் இருந்தால் வேளாண்மைப் பொறியியல் துறையினரைக் கேளுங்கள். எண் கண்முன் இருந்தால், "இன்னும் பத்து மூட்டை போடு" என்று எவரும் சொல்லத் தயங்குவர்.

இரு நடையாகப் போனால் ஒரு மணி நேரம் கூடுதலாகும். சிறிது டீசலும் செலவாகும். ஆனால் விளைந்த நெல்லும், அதை விளைவித்த கையும் பத்திரமாக வீடு திரும்பும். இந்த அறுவடையில் நம் ஒன்றியத்தில் ஒரு டிராக்டரும் கவிழவில்லை என்ற நற்செய்தியை நாம் அனைவரும் சேர்ந்து உண்டாக்குவோமாக.